அண்ணிக்குக் கேட்காத சத்தம்

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்கம்பக்கத்தாருக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவளுடைய கணவரே சில சமயம், "அண்ணி எங்கடா?" என்று தம்பியிடம் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கொழுந்தன் கூடத்து ஜன்னல்களைச் சாத்தினான். மின்விசிறியை நிறுத்தினான். நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து வீசிவிட்டு மெத்தையைத் தட்டிப் போட்டான். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்காரப் போனபோது சொன்னான்:

"அண்ணி, இன்னைக்கு முதல்ல இவ உக்காரட்டுமே. சும்மா ஒரு தடவை."

இவள் என்றால் அவன் மனைவி. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் போகவில்லை.

"உக்காரட்டும், அதுக்கென்ன," என்றாள் அண்ணி. வந்த வழியே திரும்பிச் சுவரோரம் போய் நின்றாள். நின்ற பிறகுதான் தெரிந்தது, பாட்டுப் பெட்டியைச் சோதிக்கிற நேரத்தில் அந்தக் கூடத்தில் வேறெங்கும் நின்று அவளுக்குப் பழக்கமே இல்லை என்பது.

பாட்டு இப்போதெல்லாம் கணினிக்குள் வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஸ்பீக்கருக்குப் புரிகிற மின்சாரமாக மாற்றித் தர நடுவில் ஒரு பெட்டி வேண்டும். டேக் (DAC) என்பார்கள். கடையில் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்குவதை அண்ணியும் கொழுந்தனும் ஏறக்குறைய ஒழுக்கக் கேடாகவே நினைத்தார்கள். அவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். இணையத்தில் தேடிப் படங்கள் சேகரிப்பான், பாகங்களை வரவழைப்பான், அலுமினியத் தகட்டை வெட்டிப் பெட்டி செய்வான். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கிற அண்ணிக்கு எறும்புத் தலை அளவு பாகங்களைக்கூடக் கை நடுங்காமல் பற்றவைக்கத் தெரியும். ஒவ்வொரு பெட்டியும் முடிந்ததும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். இரண்டு ஸ்பீக்கர்களும் இரண்டு மூலை என்றால் மூன்றாவது மூலை அந்த நாற்காலி. அங்கே ஒருவர்தான் உட்கார முடியும். அரை அடி நகர்ந்தால்கூடப் பாடுகிறவர் நடுவிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, இது பழைய கெபாசிட்டர், இது புதுசு என்று அவள் சொல்ல, அவன் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போடுவான். முடிவில், "அண்ணி சொன்னா சரி," என்பான். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனையும் செய்தோமோ என்று அவளுக்கு இப்போது தோன்ற ஆரம்பித்திருந்தது.

சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி, மழலையர் பள்ளி ஆசிரியை; அண்ணியை அக்கா என்று கூப்பிடுகிறவள் அவள் மட்டும்தான். பாட்டென்றால் அவளுக்குப் பாட்டு, அவ்வளவுதான். துணி காயப்போடும்போது சுருதி எங்கோ, அவள் எங்கோ என்று முனகுவாள். அந்த முனகலைக் கேட்டுத்தான் அண்ணி முதலில் நிம்மதியாக இருந்தாள்.

புதுப் பெட்டிக்கு முதல் சோதனை பாட்டே இல்லாத சோதனை. பெட்டியைப் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி, எதுவும் ஓடாதபோது என்ன கேட்கிறது என்று பார்ப்பார்கள். எதுவும் கேட்கக் கூடாது.

சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

"கேக்குது," என்றாள்.

"என்ன கேக்குது?"

"கீச்சுனு. ரொம்ப மெல்லிசா. ஊசி மாதிரி."

சோபாவில் படுத்திருந்த அண்ணியின் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாள் முழுக்கப் பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுட்டு வர்ற. மிச்சம் மீதி காதுல ஒட்டிக்கிட்டிருக்கும்."

"போங்க மாமா. நிஜமாத்தான் சொல்றேன். இந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

கொழுந்தன் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். பிறகு அண்ணி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். உள்ளே துடைத்து வைத்த தரையைப் போல இருந்தது.

"ஒண்ணும் இல்லையே."

"அண்ணி செஞ்சதுல அதெல்லாம் வராதும்மா," என்று அவன் மனைவியிடம் சொன்னான்.

அண்ணிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அடுக்களைக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்தபோது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து அவன் மறுபடியும் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அவள் மனசு அந்தக் குந்தியிருந்த முதுகையே சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து அவன் குரல் கேட்கும்: "இப்பக் கேக்குதா? இந்தப் பக்கமா வந்து பாரு." சின்னவள் ஏதோ சொல்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அண்ணி கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

கட்டின புருஷன் இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தால் வயிறு எரிகிறது என்று சொல்லலாம். ஊரே கூடி ஆறுதல் சொல்லும். கொழுந்தன் தன் சொந்தப் பெண்டாட்டியிடம் ஒரு யோசனை கேட்டதற்கு வயிறு எரிகிறது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் காறித் துப்புவார்கள், அல்லது அசிங்கமாக வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள். அது இல்லை. அவன் கையைப் பிடிக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவன் ஒன்றைச் செய்து முடித்ததும் நிமிர்ந்து யார் முகத்தைப் பார்க்கிறான் என்பதுதான். இத்தனை காலமும் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ சலிப்பான நாட்களைத் தள்ளியிருக்கிறாள். அது கைமாறுகிறது. ஒரு கீச்சுச் சத்தத்தின் மேல் ஏறிக்கொண்டு கைமாறுகிறது.

சத்தம் இல்லை என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். "ஒரு தடவை அளந்து பாத்துடறேன் தம்பி," என்று சொல்லிப் பெட்டியைத் துணிப்பையில் வைத்துக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். மாணவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஆய்வகத்து மேசையில் வைத்து அளவுக்கருவியில் இணைத்தாள்.

திரையில் புல்தரை மாதிரி ஒரு கோடு. அதன் வலது கோடியில், பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே, ஒற்றையாக ஒரு முள் நின்றுகொண்டிருந்தது.

அண்ணி இணைப்பைக் கழற்றி மாட்டினாள். முள் நின்றது. வேறு ஒயர் போட்டாள். நின்றது.

எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெட்டி ஏறக்குறைய முடிந்த சமயத்தில் கொழுந்தன் வந்து, "முன்னாடி ஒரு சின்ன டிஸ்ப்ளே வைக்கலாமா அண்ணி? பாட்டோட பேரு ஓடும். அவளுக்கு எந்தப் பாட்டுன்னு தெரியணுமாம்," என்று தலையைச் சொறிந்தான். மற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனியாக, பார்த்துப் பார்த்து மின்சாரம் அமைத்திருந்த அண்ணி, இந்த ஒன்றுக்கு மட்டும் இழுப்பறையில் கிடந்த மின்சாரம் தருகிற ஏதோ ஒரு ரெடிமேட் மாட்யூலை எடுத்து ஒட்டினாள். அவளுக்குத்தானே, இது போதும் என்று ஒட்டினாள். பாட்டு ஓடாதபோது டிஸ்ப்ளே மங்கிவிடும். மாட்யூலுக்கு வேலை குறைந்துவிடும். வேலை குறைந்தால் அந்த ரகம் ஒழுங்காக ஓடாது, விட்டு விட்டுத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் கீச்சு. அளந்து பார்க்காமல் எதையும் பெட்டிக்குள் விடாத கை, எரிச்சலில் ஒரே ஒரு தடவை விட்டிருந்தது.

அது கூடப் பரவாயில்லை. சத்தம் இருக்கிறது, ஏன் தனக்குக் கேட்கவில்லை? சத்தம் உண்டாக்குகிற சிக்னல் ஜெனரேட்டரை எடுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு குமிழை மெல்லத் திருப்பினாள். சத்தம் மெலிந்து மெலிந்து மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் கதவைச் சாத்தினாற்போல் நின்றது. எண் இன்னும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருக்கவில்லை. குமிழை மேலே திருப்பினாள். எண்கள் ஓடின. கருவி சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது, அதன் ஊசி ஆடிக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சுவர்தான் கேட்டது. வயதானால் எல்லோருக்கும் மேல் சத்தங்கள் போகும் என்பதை வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதே கருவியில் அவள்தான் செய்து காட்டுகிறாள். தனக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்க ஏனோ ஒருநாளும் தோன்றவில்லை.

சின்னவளோ சுருதி சேர்த்து ஒரு வரி பாடத் தெரியாதவள். ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல், ஒன்றுமே உழைக்காமல், சின்ன வயசு என்ற ஒரே காரணத்துக்காக அவளுக்கு அது கிடைத்திருக்கிறது.

மாட்யூல் சும்மா இருக்காமல் இருக்க எப்போதும் கொஞ்சம் வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். ஒரே ஒரு ரெசிஸ்டர். வைத்துப் பற்றவைத்தாள். முள் மறைந்தது. இனி வீட்டுக்குப் போய், அவ சொன்னது சரிதான், எடுத்துட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது வேறொன்று தோன்றியது. சொல்லாவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சின்னவள் உட்காருவாள். இன்னும் கேட்கிறது என்றால் பிடிவாதத்துக்குச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். கேட்கவில்லை என்றால், போன வாரம் இருந்தது இந்த வாரம் எங்கே போச்சு என்று ஆகும். எப்படிச் சொன்னாலும் மூக்கு உடையும். தன் மூளை இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம்தான், வெட்கமில்லை. வெட்கம் வரும் என்று காத்துப் பார்த்தாள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

"எப்படி அண்ணி, அளந்தீங்களா?"

"அளந்தேன். சுத்தமா இருக்கு," என்றாள். அந்த நிமிஷத்தில் அது பொய்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்கள் சாத்தப்பட்டன. இந்தத் தடவை அண்ணியே சொன்னாள்: "சின்னவ உக்காரட்டும் தம்பி. துண்டால கண்ணைக் கட்டிடு. வேடிக்கை பாத்துச் சொன்னான்னு இருக்கக் கூடாது."

"என்னக்கா, கண்ணாமூச்சியா?" என்று சிரித்துக்கொண்டே சின்னவள் கட்டிக்கொண்டாள். பெட்டியைப் போட்டார்கள். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது, விரிந்தது.

"இல்ல. போயிடுச்சு."

அண்ணியின் கணவர் சோபாவில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "போன வாரம் வந்த விருந்தாளி, ஊருக்குப் போயிடுச்சு!"

"நல்லாக் கேட்டுச் சொல்லும்மா," என்றான் கொழுந்தன். "போன வாரம் இருந்துச்சுன்ன?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"அதே பெட்டிதானே. அண்ணி, நீங்க உள்ள எதுவும் தொடலையே?"

கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"தொடலை," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

சின்னவள் துண்டை அவிழ்த்தாள். ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகமாகப் பார்த்தாள். "அப்ப எனக்குத்தான் ஏதோ," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

இதற்காகத்தானே. அண்ணி கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சலிப்பு, ஒரு ஏமாற்றம், தன் பக்கம் திரும்புகிற பழைய பார்வை, ஏதாவது ஒன்று வரும் என்று பார்த்தாள். அவன் மனைவியிடம் போய்க் குனிந்து, துண்டு பட்டுக் கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அந்தக் காதை லேசாகத் திருகினான். "லூசு. போனாப் போகுது விடு," என்றான். பிறகு எதுவோ ஞாபகம் வந்தாற்போல் திரும்பி, "அண்ணி சொன்னா சரி," என்றான். அண்ணி கேட்க ஆசைப்பட்ட அதே சொல், செருப்பை வாசலில் விடுகிற மாதிரி வந்து விழுந்தது.

சின்னவள் தப்பாகச் சொன்னால்கூட அவனுக்கு அவள்தான். அண்ணி சரியாகச் சொன்னால்தான் அண்ணி.

அண்ணி அடுக்களைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, காதுக்குன்னு டாக்டர் இருக்காங்க இல்ல?"

"எதுக்கு?"

"இல்லாத சத்தம் கேட்டா ஏதாவது வியாதியா இருக்குமா?" சிரிக்கவில்லை. "எங்க கிளாஸ்ல முப்பது பிள்ளைங்கக்கா. எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். அதுல எது விளையாட்டுக்குக் கத்துது, எது நிஜமா அழுதுன்னு நான்தான் கண்டுபிடிப்பேன். ஒரு குட்டி இருக்கா, அழுதா சத்தமே வராது. மூக்குல மட்டும் ஒரு மாதிரி இழுப்பா. எங்க இருந்தாலும் எனக்குக் கேட்டுடும். இப்ப எனக்கே என் காது மேல சந்தேகமா இருக்கு. நாளைக்கு அவ அழுதா, கேட்டது நிஜமா பிரமையான்னு நான் யோசிச்சுக்கிட்டு நிப்பேன் இல்ல?"

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி அதையே பார்த்தாள். மனசு ஒன்றும் இளகவில்லை. இவளுக்கு அதுவும் கேட்கிறதா என்றுதான் முதலில் தோன்றியது. சத்தமே இல்லாத அழுகையும் கேட்கிறதா என்று. அப்புறம்தான் முகம் தெரியாத அந்தக் குழந்தை வந்தது. அது மூக்கை இழுத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தி காது கொடுத்துவிட்டு, பிறகு தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"வா."

"எங்க?"

"வாடின்னா வா."

கூடத்தில் பெட்டியைத் திருப்பிப் போட்டு அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். கணவர் தூங்கிவிட்டிருந்தார். ரெசிஸ்டரின் ஒரு காலை நறுக்கி, வெட்டிய இரண்டு முனைகளையும் கிளிப் வைத்த ஒயரால் இணைத்தாள். பெட்டியைப் போட்டாள். "நாற்காலில போய் உக்காரு. எதுவும் பேசாத. கேட்டா மட்டும் சொல்லு."

கிளிப்பை எடுத்தாள்.

"ஐயோ, வந்துடுச்சு!" சின்னவள் துள்ளித் திரும்பினாள். "அக்கா, அதேதான்! அதே ஊசி!"

கிளிப்பைத் திரும்ப மாட்டினாள். சின்னவளின் முகம் பார்க்கும்போதே தெளிந்தது. அண்ணிக்கு இரண்டு தடவையும் துடைத்து வைத்த தரைதான்.

"உன் காதுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் கீக்டர்னு போய் நிக்காத."

சின்னவள் மெல்ல எழுந்து வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதில் எதுவும் புரியாது. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"ம்."

"தொடலைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?" சின்னவளுக்குக் கண் கலங்கவில்லை, கழுத்து சிவந்தது. அக்கா, பரவாயில்லைக்கா என்று சொல்லிவிடுவாள், அதைத் தாங்க முடியாது என்று அண்ணி பயந்துகொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை. அறைப் பக்கம் திரும்பி, "என்னங்க! கொஞ்சம் வெளிய வாங்க!" என்று வகுப்பறைக் குரலில் கூப்பிட்டாள்.

அந்தக் குரலுக்குக் கொழுந்தனும் வந்தான், தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்தார்.

"அக்கா சொல்லுவாங்க, கேளுங்க."

அண்ணி சொன்னாள். முள்ளை, மாட்யூலை, ரெசிஸ்டரைச் சொன்னாள். கல்லூரியில் செய்ததைச் சொன்னாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலச் சொல்லி முடித்தாள்.

"தெரிஞ்சுமா தொடலைன்னீங்க?" என்றான் கொழுந்தன். "ஏன் அண்ணி?"

எத்தனையோ பதில்கள் இருந்தன. அவற்றில் சொல்லக்கூடியது ஒன்றுதான்.

"எனக்குக் கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சு. அதான்."

கணவர் தொண்டையைச் செருமினார். "நாப்பது தாண்டினா அப்படித்தான். எனக்கு நீ கூப்பிடுறதே பாதி நேரம் கேக்கறதில்ல," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். கோபமா, வருத்தமா என்று அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை நகர்ந்துவிட்டது. மனைவியிடம் திரும்பினான். "உனக்கு நிஜமாவே கேட்டுச்சா? பதினஞ்சாயிரத்துலயா?" என்றான். கண்ணெல்லாம் அகன்று, வாய் லேசாகத் திறந்து. அவன் முதன்முதலாகச் செய்த பெட்டி பாடியபோது அண்ணியைப் பார்த்த முகம் அது. அது இன்னொருத்தியின் பக்கம் திரும்பியிருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அண்ணி தெரிந்துகொண்டாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"சொன்ன, சொன்ன. எங்க, மறுபடி உக்காரு பாப்போம். அண்ணி, அதை எடுத்து எடுத்து மாட்டுங்களேன்."

சின்னவள் ஒரு விநாடி தயங்கிவிட்டுப் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாள். கொழுந்தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் மண்டியிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அவர்களுக்குப் பின்னால், மேசையில், கிளிப்போடு நின்றாள். அவனுடைய வேலை இப்போது அவளுடையதாக ஆகியிருந்தது.

"இப்ப?"

"இருக்கு."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இருக்கு."

அண்ணி கிளிப்பை முனைக்கு அருகே கொண்டுபோனாள். அது தொடுகிற இடத்துக்கு ஒரு நூலிழை முன்னால் விரல்கள் நின்றன. ஏன் நிறுத்தினோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"இப்ப?" என்றாள்.

சின்னவள் தலையைச் சாய்த்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கே. நீங்க இன்னும் மாட்டவே இல்லக்கா."

கொழுந்தன் கையைத் தட்டிச் சிரித்தான். சோபாவிலிருந்தும் சிரிப்பு வந்தது. அண்ணி கிளிப்பை மாட்டினாள்.